வவுனியா – கிளிநொச்சி பஸ்: ஏ9இல் சுகம், மாங்குளத்தில் காத்திருப்பு

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்வருவோருக்கு ஏ9 வீதியில் பஸ் பஞ்சம் இல்லை. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று நின்று போகும் உள்ளூர் பஸ்ஸைத் தவறவிட்டாலும் யாழ்ப்பாணப் பஸ் ஒன்று வரும். கொழும்பிலிருந்து வரும் சொகுசு பஸ்ஸை மறித்தால் மட்டும் காசை முதலே கேட்டுவிட்டு ஏறுங்கள். இடையில் இறங்குபவரிடமும் முழுத்தூரக் கட்டணம் கேட்பதுண்டு.

தனியார் பஸ் ஊர்ந்துதான் வெளிக்கிடும். ஆள் சேர்க்கிற நேரம் அது. பின்னால் அடுத்த பஸ் தலைகாட்டினால்தான் வேகம் பிடிக்கும். எட்டரைக்குக் கந்தோரில் கையெழுத்து வைக்கவேண்டியவர்கள் கணக்குப்படி சரியாக வரும் பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தியதில் ஏறவேண்டும். இருக்கை கிடைத்தால் இடப்பக்கம் பாருங்கள். காலை வடக்கே போகையில் வெயில் வலப்பக்கம். மாலை தெற்கே திரும்பும்போதும் அதே வலப்பக்கந்தான். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு வேலைக்கு வருவோருக்கு இது மறுவளம்.

மாணவர் பருவச்சீட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச) சிவப்பு பஸ்ஸில்தான் செல்லும். தனியார் பஸ் வெறுமையாகப் போனாலும் பள்ளிப் பிள்ளைகள் சிவப்பு பஸ்ஸுக்குக் காத்து நிற்பது அதனால்தான்.

2013இல் கிளிநொச்சிவரை மீண்டும் ஓடத்தொடங்கிய ரயில் உடம்புக்கு இதம். ஆனால் சேவைகள் குறைவு, ஒற்றைத் தண்டவாளம். எதிர் ரயில் பிந்தினால் இதுவும் ஏதாவது ஸ்டேஷனில் நின்றுவிடும். தினசரி வேலைக்கு இதை நம்பமுடியாது.

சிக்கல் ஏ9ஐ விட்டு விலகும்போதுதான் தொடங்குகிறது. மாங்குளம் சந்தியில் கிழக்கே ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. மேற்கே மல்லாவி, துணுக்காய். ஏ9 பஸ் பத்து நிமிடம் பிந்தினால் குறுக்கு வீதி பஸ் போய்விடும். அடுத்ததுக்கு நெடுநேரம் காத்திருப்பு. இரண்டு நேர அட்டவணையையும் யாரும் பொருத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை! ஏ9க்கு ஐந்தில் நாலு புள்ளி கொடுக்கலாம், இந்த இணைப்புக்கு இரண்டே தாராளம்.

வவுனியாவில் ஏறும்போது முல்லைத்தீவு என்ற பெயரை மட்டும் பார்த்து ஏறிவிடாதீர்கள். பலகையில் ‘நெடுங்கேணி ஊடாக’ என்றிருந்தால் அது புளியங்குளத்திலேயே கிழக்கே திரும்பிவிடும். ஒட்டுசுட்டான் போகிறவருக்கு அதுவே நல்லது, மாங்குளம் சந்தியில் காத்திருப்பு மிச்சம். மாங்குளம் போகிறவர் ஏறக்கூடாது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே கொண்டக்டரிடம் கேட்டுவையுங்கள். ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் அந்த நேரம் செல்லுமா என்பதையும் சேர்த்து.