கண்டியா, சென்னையா: அம்மாவின் கண் ஊசி

வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதியில் வரும் மாகுலா நோயில் அம்மாவின் வலது விழித்திரையில் நீர் கட்டிவிட்டது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார்கள். எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இலங்கையில் எங்கள் ஊரான ஹட்டனில் இருந்து கண்டிக்குப் போய் அஃப்லிபெர்செப்ட் என்ற மருந்து. மற்றது, சென்னையில் இருக்கும் மாமா சொன்ன புதிய மருந்து புரோலூசிசுமாப்: முதல் மூன்று ஊசி மாதாமாதம், அப்புறம் கண் நன்றாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒன்று போதும்.

பார்வையைக் காப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அலைச்சல் குறைவது புதியதில், சரி. விலை மலிவான அவஸ்டின் ஊசியும் உண்டு, ஆனால் அதைப் பெரிய குப்பியில் இருந்து பிரித்தெடுப்பதால் சுத்தம் மிக முக்கியம்.

நாங்கள் கண்டி என்று முடிவெடுத்தது, ஊசிக்குப் பின் கண்ணுக்குள் வரக்கூடிய அழற்சியை வைத்துத்தான். புரோலூசிசுமாப் 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2020 பெப்ரவரியிலேயே அங்குள்ள விழித்திரை மருத்துவர் சங்கம் எச்சரித்தது, ஏனென்றால் சிலருக்கு அழற்சி விழித்திரையின் ரத்தக் குழாய்களையே அடைத்துப் பார்வையைப் பறித்திருந்தது. ஆய்வுத் தரவுகளை மறுபடி அலசியதில் சுமார் 4.6 சதவீதம் பேருக்கு அழற்சி, 2.1 சதவீதம் பேருக்கு அடைப்பும் சேர்ந்து. அஃப்லிபெர்செப்ட் போட்டவர்களில் அழற்சி 1 சதவீதம் அளவில்தான். அதோடு புதியதில் அது சில வாரம் கழித்தும் வரலாம், அதற்குள் அம்மா விமானம் ஏறி வீட்டுக்கு வந்திருப்பார், ஊசி போட்ட டொக்டரோ கடலுக்கு அந்தப் பக்கம்.

அஃப்லிபெர்செப்டிலும் வராமல் இல்லை. நான்காவது ஊசி போட்ட மூன்றாம் நாள் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பவே மறுத்தார், "அடுப்புப் புகைக்குள்ள பார்க்கிற மாதிரி இருக்குப்பா" என்றார். மறுநாள் விடிகாலை முதல் பஸ் பிடித்தோம், பத்து மணிக்கு முன்பே கண்டியில் டொக்டர் பார்த்துவிட்டார், கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஸ்டீரொயிட் சொட்டு மருந்து கொடுத்தார். முதல் இரண்டு நாள் மணிக்கு ஒரு சொட்டு, ஒவ்வொன்றுக்கும் கலண்டர் ஓரத்தில் கோடு போட்டேன். இரண்டு வாரத்தில் தெளிந்தது.

ஊசி குத்திய இடத்தில் வெள்ளை விழியில் ரத்தச் சிவப்பாகத் திட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது தானாக மறையும். பார்வை மங்கினால், வெளிச்சம் கூசி வலித்தால், புதிதாகப் பூச்சி பறப்பது போலத் தெரிந்தால் அன்றைக்கே புறப்படுங்கள்.

புரோலூசிசுமாப் நாங்கள் போட்டுப் பார்த்ததில்லை, என் அனுபவம் ஒரே ஒரு கண்ணும் ஏழு ஊசியும்தான். சென்னையிலேயே இருக்கிறவர்களுக்குக் கணக்கு மாறலாம். அம்மாவுக்கு இப்போது ஏழு வாரத்துக்கு ஒருமுறை கண்டி.