முதியோர் பராமரிப்புப் பயிற்சி, ஆறு மாதம், 38,000 ரூபாய்: ஒரு செவிலியரின் மதிப்புரை

கோவையில் ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் ஆறு மாத முதியோர் பராமரிப்புப் பயிற்சியில், கட்டணம் முழுவதையும் சொந்தச் சேமிப்பிலிருந்து கட்டிச் சேர்ந்து, கடந்த ஜனவரியில் முடித்தேன். நிறைகளோடு குறைகளையும் எழுதப்போகிறேன். அந்தக் குறைகளுக்குப் பொறுப்பில்லாத நல்ல மனிதர்கள் சிலர் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே போன்ற பயிற்சிகள் இப்போது பல ஊர்களில் நடப்பதால், பெயர் இல்லாமலேயே இந்த மதிப்புரை பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பு படித்தவள், ஒன்பது ஆண்டுகள் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். வார்டில் படுத்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். டிஸ்சார்ஜ் எழுதி அனுப்பிய பெரியவரே இருபது நாளில் படுக்கைப் புண்ணோடு திரும்பி வருவதைப் பார்க்கும்போது, வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் வார்டில் மட்டும் வேலை செய்வது அரைகுறை வேலை என்ற எண்ணம் வளர்ந்துகொண்டே வந்தது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 75 லட்சம் பேர், அறுபது வயதைக் கடந்தவர்கள். கோவையைச் சுற்றி ஓய்வுபெற்றோருக்கான குடியிருப்புகள் பெருகியிருப்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை அங்கே இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளும் வழிதான் குறுகலாக இருக்கிறது.

மருத்துவர்களுக்கு இந்தத் துறையில் வழி எப்போதோ போடப்பட்டுவிட்டது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கிய டாக்டர் வி.எஸ். நடராஜனின் முயற்சியால், 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. பட்டப்படிப்பு வந்தது; நாட்டிலேயே அதுதான் முதலாவது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. செவிலியர்களுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த ஓராண்டுப் பட்டயப் படிப்பு உண்டு என்றாலும், வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒருத்தி ஓராண்டுச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய்ப் படிப்பது நடக்கிற காரியமில்லை. வேலையை விடாமல், வார இறுதிகளில், ஒரு மூத்த செவிலியரின் நேரடி வழிகாட்டுதலோடு என்று இந்த நிறுவனத்தின் விளம்பரம் சொன்னதால்தான் சேர்ந்தேன்.

முதல் இரண்டு மாதங்கள் இணையவழி வகுப்பு. நேரலை வகுப்பு என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் பெரும்பகுதி முன்பே பதிவு செய்த காணொளிகள். முதுமையில் படுக்கையோடு முடங்குதல், நிலைதடுமாறி விழுதல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, அறிவுத்திறன் மங்கல் ஆகிய நான்கையும் பெரும் சிக்கல்களாக வகைப்படுத்திய பிரித்தானிய மருத்துவர் பெர்னார்ட் ஐசக்ஸின் அணுகுமுறையை வைத்துப் பாடங்களை அமைத்திருந்தது நல்ல விஷயம். ஆனால் காட்டிய வீடுகள் எல்லாம் வெளிநாட்டு வீடுகள். பொத்தானை அழுத்தினால் உயரும் கட்டில், நோயாளியைத் தூக்கி நாற்காலியில் வைக்கும் இயந்திரம், சக்கர நாற்காலி தாராளமாகத் திரும்பும் குளியலறை. நம் வீடுகளில் சுவரோடு சேர்த்துப் போட்ட தேக்குக் கட்டில் கிடக்கிறது. ஒரு பக்கம்தான் ஆள் நிற்க முடியும். குளியலறை வாசலில் நான்கு அங்குல உயரத்துக்குத் தடுப்பு இருக்கிறது. அந்த வீட்டில் எண்பது வயதுக்காரரை எப்படிப் புரட்டுவது என்று ஒரு காணொளியும் சொல்லவில்லை. இந்த இரண்டு மாதங்களுக்காக மட்டும் என்றால் ஐயாயிரம் ரூபாய்கூட அதிகம் என்பேன்.

மூன்றாவது மாதத்திலிருந்து பயிற்சியின் முகமே மாறியது. எங்கள் நான்கு பேர் கொண்ட குழுவுக்கு வழிகாட்டியாக வந்தவர், அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் பணியாற்றி நர்சிங் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவர். எல்லாரும் அவரைச் சிஸ்டர் என்றே அழைத்தோம். சனிக்கிழமைகளில் இரண்டிரண்டு வீடுகளுக்கு அழைத்துச் சென்றார். வீட்டினர் முன்னால் எங்களைத் திருத்த மாட்டார். வேலை முடிந்து வாசலுக்கு வந்து, வண்டி நிறுத்திய இடத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: “என்னம்மா பார்த்தே, என்ன செஞ்சே, எதை விட்டே?” மூன்றாவது கேள்விக்கு விடை இல்லை என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே சாவியைப் பைக்குள் திரும்பப் போட்டுவிடுவார். விடை வரும்வரை வண்டி கிளம்பாது.

முதல் வீட்டிலேயே எனக்கு ஓர் அடி விழுந்தது. பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் வார்டுப் பழக்கத்தில், “தாத்தா, கொஞ்சம் திரும்பிப் படுங்க” என்றேன். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சிஸ்டர் அருகில் போய் அமர்ந்து, “உங்களை எப்படிக் கூப்பிடணும்னு இந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க” என்றார். குழறிய குரலில் ஒரே சொல் வந்தது: “சார்.” அடுத்த பத்து நிமிடம் சார் எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்தார். ஒன்பது ஆண்டுகளில் எத்தனை பேரைத் தாத்தா, பாட்டி என்று பொதுப்படையாக அழைத்திருப்பேன் என்று எண்ணிப்பார்த்தபோது கூச்சமாக இருந்தது.

அதே வீட்டில் இரண்டாவது திருத்தம். ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி, முடிச்சுப் போட்டு, குதிகாலுக்கு அடியில் வைப்பது எங்கள் வார்டில் வழக்கம், நானும் வைத்தேன். அது அழுத்தத்தைக் குறைப்பதில்லை என்று சொல்லி, சிஸ்டர் கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணையை வைத்து, குதிகால் எதிலும் படாமல் காற்றில் நிற்கும்படி செய்தார். தன் விரலை குதிகாலுக்கும் விரிப்புக்கும் இடையில் ஓட்டிக் காட்டினார். வீட்டினர் ஆசையாக வாங்கி வைத்திருந்த காற்றடைத்த வளையத்தையும் எடுக்கச் சொன்னார். வால் எலும்பின் மேலிருந்த அழுத்தத்தை அது சுற்றியிருக்கும் தசைக்கு மாற்றி அங்கே ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும் என்று மகனுக்கும் புரியும்படி விளக்கினார். படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நம் ஊர்த் தோல் நிறத்தில் அந்தச் சிவப்பு பல நேரங்களில் கண்ணுக்குத் தெரியாது. புறங்கையால் தொட்டு, பக்கத்துத் தோலைவிட அந்த இடம் சூடாக இருக்கிறதா, கெட்டியாகியிருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். என் கையைப் பிடித்து வைத்து அந்த வேறுபாட்டை உணரவைத்தார். இதை எந்தக் காணொளியாலும் செய்ய முடியாது.

நான்காவது மாதத்தில் ஒரு வீட்டில், 82 வயது அம்மாள் இரண்டு நாட்களாக மாலை வேளைகளில் சுவரில் ஆட்கள் நிற்பதாகச் சொல்லிப் பயந்துகொண்டிருந்தார். மகளையே யாரென்று கேட்டார். மறதி நோய் வந்துவிட்டது என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறதி நோய் மாதக்கணக்கில் நகர்ந்து வரும். இரண்டு நாளில் புத்தி கலங்கினால் உடம்பில் வேறு ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் சிஸ்டர். கடைசியாக எப்போது மலம் கழித்தார், சிறுநீர் எவ்வளவு போகிறது, எரிச்சல் உண்டா, புதிதாக என்ன மாத்திரை என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே, அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பாவை வாங்கித் துணியின் மேல் கவிழ்த்தார். பதினோரு அட்டைகள். அவற்றில் ஒன்று, மூன்று நாள் முன்பு சளிக்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. அந்த வகைச் சளி மாத்திரைகள் வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கக்கூடியவை. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, பார்த்ததை மட்டும் சொன்னார். இதுதான் காரணம் என்று தானாக முடிவு சொல்லவில்லை. மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எழுதினார். அடுத்த சனிக்கிழமை போனபோது அந்த அம்மாள் எங்களுக்குக் காபி போடச் சொல்லி மருமகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

செவிலியர் எதைச் சொல்லலாம், எதை மருத்துவரிடம் விட வேண்டும் என்ற எல்லையை அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் கற்றுக்கொண்டேன். ஆறு மாதத்தில் சிஸ்டரோடு நோயாளியின் பக்கத்தில் நின்ற நேரத்தை நாட்குறிப்பில் கூட்டிப்பார்த்தால் 62 மணி நேரம் வருகிறது. நான் கட்டிய 38,000 ரூபாயும் அந்த 62 மணி நேரத்துக்குத்தான் என்று வைத்துக்கொண்டால், கணக்கு எனக்குச் சரியாகவே இருக்கிறது.

இனிக் குறைகள். எங்களுக்குப் பின் சேர்ந்த அணியையும் சேர்த்து, கடைசி மாதத்தில் சிஸ்டரின் பொறுப்பில் பதினொரு பேர். வீட்டுப் பார்வைகள் பாதியாகக் குறைந்தன. அவர் களைத்துப்போனது எங்களுக்குத் தெரிந்தது. நிர்வாகத்திடம் கேட்டதற்கு, வாட்ஸ்அப் குழுவில் சந்தேகங்களைக் கேட்கலாம் என்றார்கள். குதிகாலின் சூட்டை வாட்ஸ்அப்பில் எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று நான் திரும்பக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சான்றிதழ் அழகான தாளில் அச்சடிக்கப்பட்டிருக்கிறது. நர்சிங் கவுன்சிலின் பதிவு எதிலும் அதற்கு இடமில்லை, என் ஜி.என்.எம். பதிவோடு அதைக் கூடுதல் தகுதியாகச் சேர்க்க முடியாது. சேரும்போது இதைக் கேட்காதது என் தவறு. கேட்காமலேயே சொல்லாதது அவர்கள் தவறு.

வெளிநாட்டு வேலை பற்றிய பேச்சு இன்னும் மோசம். ஜெர்மனி, ஜப்பான் கொடிகளை விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறுவதற்கு ஜெர்மன் மொழியில் பொதுவாக பி-2 என்ற, இடைநிலைக்கு மேலான தேர்ச்சி நிலை தேவை. ஜப்பானின் திறன்சார் தொழிலாளர் விசாவில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக, திறன் தேர்வோடு ஜப்பானிய மொழித் தேர்வும், பராமரிப்புத் தொழிலுக்கான தனி மொழித் தேர்வும் எழுத வேண்டும். பயிற்சியில் மொழி வகுப்பு ஒன்றுகூட இல்லை. என்னோடு படித்த, இருபத்திரண்டு வயதுகூட ஆகாத இரண்டு பெண்கள் அந்தக் கொடிகளைப் பார்த்தே சேர்ந்தவர்கள். ஒருத்தியின் அப்பா அதற்காக வட்டிக்கு வாங்கியிருந்தார்.

வேலை உறுதி என்று சொன்னதும் வேறு விதமாகத்தான் முடிந்தது. என்னை ஓர் ஏஜென்சியிடம் அனுப்பினார்கள். பன்னிரண்டு மணி நேர டூட்டி. வீட்டினர் கட்டும் தொகையில் கணிசமான பங்கு ஏஜென்சிக்கு. வார விடுப்பு எழுத்தில் இல்லை. இரண்டாம் நாளே வீட்டம்மா என்னிடம் சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கச் சொன்னார். எப்படி மறுப்பது, எதை எழுதி வாங்கிக்கொள்வது என்று பாடத்திட்டத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. அன்றிரவு சிஸ்டருக்குப் போன் செய்தேன். “கோவப்படாதே. நாளைக்குக் காலையில ஒரு தாள்ல உன் வேலையெல்லாம் மணி வாரியா எழுதி, அவங்ககிட்ட கொடுத்து, இதுல எதை விட்டுட்டுச் சமைக்கட்டும்னு கேளு” என்றார். எழுதினேன்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுதல், நிமிர்த்தி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டுதல், ஊட்டிய பின் அரை மணி நேரம் படுக்கவிடாமல் இருத்தல், யூரின் பேக் அளவு குறித்தல், கை கால் பயிற்சி. அந்த அம்மா தாளைப் படித்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தத்தில் ஒட்டிவைத்தார். பருப்பு அதன்பின் என்னிடம் வரவில்லை.

இப்போது ஏஜென்சி இல்லாமல், இரண்டு வீடுகளுக்கு நேரடியாகப் போகிறேன். வார்டில் வாங்கியதைவிட வருமானம் சற்றுக் கூடுதல், பி.எஃப். கிடையாது. இதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

நர்சிங் படித்து, வார்டு அனுபவமும் உள்ளவர்கள் இந்தப் பயிற்சியில் சேரலாம். பத்தாம் வகுப்பு அல்லது பிளஸ் டூ முடித்து நேரடியாக வருபவர்களுக்கு இந்த ஆறு மாதம் போதாது. வெளிநாட்டை நினைத்துச் சேர்பவர்கள் அந்தப் பணத்தை முதலில் மொழி வகுப்பில் கட்டுவது நல்லது. யார் சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: வழிகாட்டியோடு நோயாளியின் பக்கத்தில் எத்தனை மணி நேரம், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அந்த எண்களை எழுத்தில் தருவார்களா. அடுத்த அணி ஜூன் மாதம் தொடங்குகிறது. கட்டணம் 42,000 ஆகிறதாம். சிஸ்டர் முழங்கால் வலி காரணமாகச் செப்டம்பரோடு விலகுகிறார். அவருக்குப் பதிலாக வருபவர் யார் என்று நான் கேட்டபோது அலுவலகத்தில் இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். அது முடிவாகும்வரை என் பரிந்துரையை நிறுத்திவைக்கிறேன்.