கறுப்புத் துணியில் விழுந்த தூசி

இந்த முறை ஊருக்குப் போனபோது நான் முடித்தே ஆக வேண்டிய வேலை என்று ஒன்று இருந்தது. அம்மாவுக்குப் புதிய வேக்குவம் கிளீனர் வாங்கிக் கொடுக்க வேண்டும். 14 ஆண்டுகள் உழைத்த பழைய கருவியின் மோட்டார் கருகிப் போயிருந்தது. அம்மாவுக்குத் தூசி ஒவ்வாமை உண்டு. பெருக்கினால் அன்று இரவே மூச்சு இரைக்கத் தொடங்கிவிடும். அதனால் வந்து இறங்கிய இரண்டாம் நாளே ஒரு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். வீட்டுக்கே வந்து டெமோ காட்டுவதாகச் சொன்னார்கள். ஜெர்மனியில் கடைக்குப் போய்த் தனியாக நின்று, அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்கியே பழகிவிட்ட எனக்கு, ஒருவர் வீடு தேடி வந்து பொறுமையாக விளக்கப் போகிறார் என்பது அப்போது மிகவும் இதமாக இருந்தது.

டெமோவில் என்ன நடக்கும் என்பதை நம்மில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. வந்த விற்பனையாளர் ஹோஸுக்கும் குழாய்க்கும் இடையே கறுப்புத் துணியைச் செருகினார். அம்மா படுக்கும் மெத்தையின் மேல் பத்து முறை ஓட்டினார். துணியை உருவி, அதில் வட்டமாகப் படிந்திருந்த வெள்ளைத் தூளை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். "இதைத்தான் அம்மா தினமும் சுவாசிக்கிறீர்கள்" என்றார். இதே காட்சியை நான் பள்ளியில் படித்தபோது இதே வீட்டில், இதே வியப்போடு பார்த்திருக்கிறேன். அன்று அது ஏதோ வித்தை போலத் தோன்றியது. இந்த முறை அம்மாவின் முகம் வெளிறியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பல ஆண்டுகள் பயன்படுத்திய எந்த மெத்தையிலும் நம் தோலின் செதில்களும் பஞ்சுத் துகளும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளின் கழிவும் இருக்கத்தான் செய்யும். உறிஞ்சும் எந்தக் கருவியை வைத்தாலும் அதே துணியில் அதே வட்டம் விழும். அந்தத் துணி மெத்தையைப் பற்றித்தான் சொல்கிறது. கருவியைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. மூச்சிரைப்பு உள்ள ஒருவரை அவருடைய படுக்கையைக் காட்டியே அச்சுறுத்துவதை விற்பனை முறையாக இன்னும் வைத்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அவரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டேன். உறிஞ்சப்பட்ட காற்று பின்பக்கம் வழியாக அறைக்குள்தான் திரும்புகிறது. அதில் எவ்வளவு தூசி மிஞ்சுகிறது? ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. கண்ணுக்குத் தெரியும் குப்பையைத் துடைப்பமே அள்ளிவிடும். கருவியின் வழியாக வெளியேறி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும் நுண்துகள்தான் மூச்சுக்குழாயைத் தொல்லைப்படுத்துகிறது. நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருக்கிறது என்றார். எந்த வகுப்பு என்று கேட்டேன். ஐரோப்பிய வரையறையில் எச்13 என்றால், பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள நுண்துகளிலும் 99.95 விழுக்காட்டை நிறுத்த வேண்டும். இ11 என்றால் 95 விழுக்காடு போதும். பெட்டியில் "ஹெப்பா போன்றது" என்று மட்டுமே அச்சிட்டிருந்தார்கள். ஃபில்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு சரியாகப் பொருந்தவில்லை என்றால் காற்று அந்த இடுக்கு வழியாகவே போய்விடும் என்பதையும் சொன்னேன். பிறகு ஜன்னல்களை மூடி, விளக்கை அணைத்து, கருவியை ஓட்டச் சொல்லி, பின்பக்கக் காற்றின் குறுக்கே டார்ச் ஒளியைப் பாய்ச்சினேன். சிறுவயதில் மதியத்து வெயில் கீற்றில் தூசி மிதப்பதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்போமே, அதே துகள்கள் அந்த ஒளியில் கூட்டமாகச் சுழன்றன. அவர் எதுவும் பேசவில்லை. அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அவருடைய கடைசி வாதம் வாட். இது 2000 வாட், அதனால் இழுவை அதிகம் என்றார். இந்த நம்பிக்கையை எங்கே போனாலும் கேட்கிறேன். வாட் என்பது கருவி எவ்வளவு மின்சாரம் உண்கிறது என்பதன் கணக்கு. எவ்வளவு இழுக்கிறது என்பது மோட்டாரின் அமைப்பையும் காற்றுப் பாதையையும் தரையில் படும் தலைப்பகுதியின் வடிவத்தையும் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 செப்டம்பர் முதல் 1600 வாட்டுக்கும், 2017 செப்டம்பர் முதல் 900 வாட்டுக்கும் மேற்பட்ட வீட்டுக் கருவிகளைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது. நான் அங்கே 900 வாட்டுக்கும் குறைந்த கருவியைத்தான் பயன்படுத்துகிறேன். தரையில் மணல் மிஞ்சுவதில்லை. அதே விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தவை வேறு சில: வெளியேறும் தூசி ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஓசை 80 டெசிபலைத் தாண்டக் கூடாது, ஹோஸ் 40,000 முறை வளைத்தாலும் தாங்க வேண்டும், மோட்டார் 500 மணி நேரமாவது உழைக்க வேண்டும். வாங்குகிறவர் கேட்காமலே இவை உறுதி செய்யப்படுகின்றன. ஆனால் அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. கருவிகளில் ஒட்டிய மின்சிக்கன முத்திரைக்கான சோதனைகள் தூசி சேராத காலிக் கருவியில் நடத்தப்பட்டன என்பதற்காக, 2018இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த முத்திரை விதியையே நீக்கியது. கடையிலும் டெமோவிலும் நாம் பார்ப்பது எப்போதும் காலிக் கருவியைத்தான். பை பாதி நிறைந்த பிறகு அது எப்படி இழுக்கும் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறோம்.

மறுநாள் அம்மாவையே அழைத்துக்கொண்டு ஒரு சிறிய கடைக்குப் போனேன். அங்கே பார்த்ததை 16 ஆண்டு வெளிநாட்டு வாழ்க்கையில் ஒரு கடையிலும் நான் பார்த்ததில்லை. விற்பனைப் பெண் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "யார் அம்மா ஓட்டப் போவது, நீங்கள்தானே?" என்று அம்மாவிடம் கேட்டு, மூன்று கருவிகளைத் தரையில் இறக்கி வைத்தார். ஒவ்வொன்றையும் தூக்கச் சொன்னார். குனியாமல் ஓட்ட முடிகிறதா என்று குழாயின் நீளத்தை அம்மாவின் உயரத்துக்கு மாற்றிக் கொடுத்தார். மூடியைத் திறந்து, பையை எடுத்து, மறுபடி மாட்டிக் காட்டச் சொன்னார். முதல் கருவியின் கொக்கி இறுக்கமாக இருந்தது. மூட்டுவலி உள்ள விரலால் அம்மாவுக்கு அதை அழுத்த முடியவில்லை. அப்பெண் அதைப் பேச்சில்லாமல் ஓரமாக நகர்த்திவிட்டார். நான் பையில்லாமல் தூசியைக் கலனில் சேர்க்கும் சைக்ளோன் வகையைத்தான் மனத்தில் வைத்திருந்தேன், பை வாங்கும் செலவு மிச்சமாகும் என்பதற்காக. அதைச் சொன்னதும், கலனைக் கொட்டும்போது எழும் தூசியை முழுவதும் அம்மாதானே சுவாசிப்பார் என்று கேட்டார். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இப்போதும் வருத்தமாக இருக்கிறது. மூடி போட்ட பையாக இருந்தால் வாயை அடைத்து அப்படியே எறிந்துவிடலாம் என்றார். அந்தப் பை தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டபோது, அலமாரியில் இருந்த இருப்பை எடுத்துக் காட்டி, அதே பை பொருந்தும் மற்ற மாடல்களையும் சொன்னார். வயரில்லாத கருவியைப் பற்றிக் கேட்டேன். உச்ச இழுவையில் சில நிமிடங்களிலேயே சார்ஜ் இறங்கிவிடும், வெப்பம் மிகுந்த இடத்தில் வைத்தால் பேட்டரி விரைவில் தளரும், ஒரு முழு வீட்டுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம் என்றார். விலை கூடிய பொருளை வாங்க வேண்டாம் என்று சொல்லும் விற்பனையாளரை அன்றுதான் சந்தித்தேன்.

எச்13 ஃபில்டரோடு, பை உள்ள, எடை குறைந்த கருவியை அம்மாவே தேர்ந்தெடுத்தார். கூடவே இரண்டு ஃபில்டர்களும் பன்னிரண்டு பைகளும் வாங்கி வைத்தேன். இரவில் விளக்கை அணைத்து மீண்டும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒளியின் குறுக்கே ஓரிரு துகள்கள் மட்டுமே கடந்தன. அம்மாவும் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், இந்த முறை மூக்கை மூடாமல்.

டெமோ காட்டிய நிறுவனத்துக்கு, பின்பக்கக் காற்றில் மிஞ்சும் தூசியின் அளவு என்ன என்று எழுத்தில் கேட்டிருந்தேன். டெமோ திருப்தியாக இருந்ததா என்று கேட்டு இரண்டு முறை அழைத்தார்கள். அந்த அளவை மட்டும் நான் விமானம் ஏறும்வரை அவர்கள் அனுப்பவில்லை.