கிட்அப்: கமாண்ட்-இசட்டுக்காகவே வைத்திருக்கும் ஆப்

நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' கருவியின் வரலாற்றைப் படமாகக் காட்டி, திருத்தவும் உதவும் கிட்அப் புது ஆப் இல்லை. 2015-இல் வந்தது, பியேர்-ஒலிவியே லத்தூர் என்ற டெவலப்பர் ஆரம்பித்தது, மேக்கில் மட்டும் ஓடும். இலவசம், ஜிபிஎல் உரிமம், மூலநிரல் எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது. இவ்வளவு வருஷம் கழித்து இதற்கு ஒரு விமர்சனம் தேவையா என்று கேட்டால், தேவைதான். கிட் வரலாற்றைத் திருத்துவது என்றாலே இன்னமும் பாதிப் பேர் பயப்படுகிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் அந்தப் பயத்தின் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் (கம்பெனி பெயர் வேண்டாம்) என் பிராஞ்சில் (தனியாகப் பிரிந்த வேலைக் கிளை) பதினொரு கமிட் (பதிந்து வைத்த மாற்றம்) இருந்தது. "பிழை சரி", "மறுபடியும் பிழை சரி", "சேவ்", "ஃபைனல்", "ஃபைனல் 2" என்று மெசேஜ்கள். ரிவ்யூ செய்த அக்கா, "தம்பி, இதை இப்படியே அனுப்பினா யாரு படிப்பா? ரீபேஸ் பண்ணி மூணு கமிட்டா ஆக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டெர்மினலில் கமிட்டுகளைச் சேர்க்க, வரிசை மாற்ற உதவும் அந்த இன்டராக்டிவ் ரீபேஸைத் திறந்தால் விம் எடிட்டரில் ஒரு பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'பிக்' (இதை வைத்துக்கொள் என்று அர்த்தம்). கிட் லாகில், அதாவது வழக்கமான கமிட் பட்டியலில், புதியது மேலே இருக்கும், இங்கே பழையது மேலே. அதைக் கவனிக்காமல் எதையோ எதனுடனோ சேர்த்து, நடுவில் ஒரு வரியையும் அழித்துவிட்டேன். அந்தப் பட்டியலில் ஒரு வரி போனால் அந்தக் கமிட்டே போய்விடும் என்று அதே கோப்பின் அடியில் எழுதித்தான் இருக்கிறது, யார் படித்தோம்? இரண்டு நாள் வேலை காணோம். கடைசியில் அக்காதான் வந்து ரெஃப்லாகில் (பிராஞ்ச் எங்கெங்கே நகர்ந்தது என்ற கிட்டின் குறிப்பேடு) தேடி எடுத்துக் கொடுத்தார். "கிட்ல எதுவும் அவ்வளவு சீக்கிரம் சாகாது, எங்க தேடணும்னு தெரியணும், அவ்வளவுதான்" என்றார். உண்மைதான், பிராஞ்சிலிருந்து அறுந்துபோன கமிட்டுக்குக்கூட ரெஃப்லாகில் இயல்பாக 30 நாள் ஆயுள் உண்டு. ஆனால் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பவனுக்கு அது எங்கே தெரிகிறது.

கிட்அப் இந்த இடத்தில்தான் வேறு மாதிரி. திறந்தவுடன் ரிப்போ (புராஜெக்ட்டின் கோப்புகளும் வரலாறும் சேர்ந்த கிடங்கு) முழுவதும் ஒரு படமாக வந்து நிற்கும்: கலர் கலராகக் கோடுகள், ஒவ்வொரு கமிட்டும் ஒரு புள்ளி. இது கிட் கட்டளையைப் பின்னால் ஓட்டி அதன் பதிலைப் படிக்கிற ஆப் இல்லை, லிப்கிட்2 என்ற நிரல் நூலகம் வழியாக ரிப்போவின் தரவை நேரடியாகத் தொடுகிறது, அதனால் வேகம். கிட்டின் சொந்த ரிப்போவில் அப்போது இருந்த 40,000 கமிட்டுகளை ஒரு விநாடிக்குள் வரைந்துவிடும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. நான் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை, ஆனால் என் ஆபீஸ் ரிப்போவில் காத்திருந்ததாக நினைவே இல்லை. டெர்மினலில் ஒரு கமிட் போட்டால் இங்கே அந்தப் புள்ளி தானாகவே முளைக்கிறது, ரிஃப்ரெஷ் பட்டன் தேட வேண்டியதில்லை.

இப்போது அதே பதினொரு கமிட் சங்கதியை இதில் செய்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். "ஃபைனல் 2" புள்ளியைத் தேர்ந்தெடுத்து ஸ்குவாஷ் கொடுத்தால் அது தன் பெற்றோருடன் (அதற்கு முந்தைய கமிட்) சேர்ந்துவிடும், புது மெசேஜ் கேட்கும், தட்டிவிட்டுப் போகலாம். மெசேஜே வேண்டாம், பெற்றோருக்குள் சத்தமில்லாமல் கரைந்தால் போதும் என்றால் ஃபிக்ஸப். ஒரு கமிட்டை முன்னால் நகர்த்த வேண்டுமென்றால் பெற்றோருடன் இடம் மாற்று. எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்ப்ளிட்: போன வாரம் ஒரே கமிட்டில் வரிக் கணக்கு மாற்றமும் எங்கோ வைத்த நாலு லாக் வரியும் கலந்து கிடந்தன, ஸ்ப்ளிட் போட்டதும் கமிட் இரண்டு பக்கமாகத் திறந்தது, அந்த நாலு வரியை மட்டும் அந்தப் பக்கம் தள்ளினேன், இரண்டு சுத்தமான கமிட். இதை டெர்மினலில் செய்ய வேண்டுமென்றால் எடிட் என்று நிறுத்தி, ரீசெட் செய்து, துண்டு துண்டாக ஆட் செய்து, திரும்பக் கமிட் செய்து, கன்டினியூ கொடுத்து... செய்யலாம்தான், ஆனால் சோம்பலில் யாரும் செய்வதில்லை.

ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணுக்குள்ளும் அதன் பெற்றோரின் எண் கலந்திருக்கிறது. அதனால் மூன்றாவது கமிட்டில் ஒரே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் அதற்கு மேல் உள்ள அத்தனை கமிட்டும் புதிதாகப் பிறக்கின்றன. திருத்துவது என்று சொல்கிறோமே தவிர, நடப்பது பிரதி எடுப்பதுதான். பழையவை எங்கேயும் போவதில்லை, அவற்றைக் காட்டும் பிராஞ்ச் பெயர்தான் இடம் மாறுகிறது. கிட்அப்பின் புத்திசாலித்தனம் இதைப் பிடித்துக்கொண்டதில் இருக்கிறது. பழைய கமிட்டுகள் இன்னும் அங்கேயே கிடப்பதால், பெயர்களைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தால் போதும். அதற்குத்தான் கமாண்ட்-இசட், மேக்கில் செய்ததை ரத்து செய்யும் அந்த ஷார்ட்கட்.

ஸ்குவாஷ் தப்பா? கமாண்ட்-இசட். மெர்ஜ் (பிராஞ்சுகளை இணைப்பது) தப்பா? கமாண்ட்-இசட். பிராஞ்சையே அழித்துவிட்டீர்களா? அதற்கும் அதுதான். இது போதாதென்று ஸ்னாப்ஷாட் பட்டியல் வேறு, ஆப்பிளின் டைம் மெஷின் பேக்கப் மாதிரி, மதியம் ரிப்போ எப்படி இருந்ததோ அங்கேயே திரும்பலாம். (கமிட் செய்யாத மாற்றங்களை அது காப்பாற்றாது. அதை நம்பி டெஸ்க்கை விட்டு எழுந்து போகாதீர்கள்.) வேர்டில் கடிதம் அடிக்கிறவருக்கு முப்பது வருஷமாகக் கிடைக்கிற வசதி நமக்கு இவ்வளவு தாமதமாக வந்ததை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. இப்போது பேசப்படுகிற, கிட் மாதிரியான ஜுஜுட்சு என்ற கருவியிலும் 'அன்டூ' ஒரு சாதாரணக் கட்டளை, ஆக இந்த யோசனை மெல்லப் பரவுகிறது என்று நினைக்கிறேன்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். அந்தப் படம் பார்க்க அழகாக இருக்கிறதே தவிர, பிராஞ்ச் நுனிகளைத் தவிர மற்றதெல்லாம் வெறும் புள்ளி. எந்தப் புள்ளி எந்தக் கமிட் என்று தெரிய அதன் மேல் நிற்க வேண்டும், அல்லது ஸ்பேஸ் தட்டிப் பார்க்க வேண்டும். மற்ற எந்தக் கிட் ஆப்பிலும் ஒரு வரிக்கு ஒரு மெசேஜ் என்று பழகிய கண்ணுக்கு இது கோலத்தில் புள்ளி மட்டும் வைத்துவிட்டு இழை போட மறந்த மாதிரி இருக்கும். அப்புறம், நகர்த்துவது ஒவ்வொரு படியாகத்தான். எட்டாவது கமிட்டை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுபோக ஆறு முறை தட்ட வேண்டும், நடுவில் எங்காவது முரண்பாடு (இரண்டு கமிட்டும் ஒரே இடத்தை மாற்றியிருப்பது) வந்தால் அங்கேயே நின்று தீர்த்துவிட்டுத்தான் மேலே போக முடியும். ரெட்கான் என்ற புதிய மேக் ஆப்பில் கமிட்டை அப்படியே இழுத்துப் போடலாம், அதைப் பார்த்த பிறகு இது கொஞ்சம் பழையதாகத் தெரிகிறது. கிட்அப்பை இப்போது தன்னார்வலர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள், புதுப் பதிப்பு நிதானமாகத்தான் வரும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ், லினக்ஸ்காரர்களுக்கு வழியில்லையா என்றால் சப்லைம் மெர்ஜ் இருக்கிறது. கமிட்டில் ரைட் கிளிக் செய்தால் மெசேஜ் திருத்துவது, பெற்றோருடன் ஸ்குவாஷ் எல்லாம் வரும். உரிமம் வாங்காமலும் நாள் கணக்கில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம், கறுப்புத் தீம் மட்டும் காசு கொடுத்தவர்களுக்கு.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கமாண்ட்-இசட் உங்கள் மெஷினோடு சரி. ஏற்கெனவே புஷ் செய்த, அதாவது சர்வருக்கு ஏற்றிய, கமிட்டைத் திருத்திவிட்டு மேலே ஃபோர்ஸ் புஷ் செய்தால் (வலுக்கட்டாயமாக ஏற்றினால்), நடுவில் கூட வேலை செய்கிறவர் ஏற்றிய கமிட் சர்வர் பிராஞ்சிலிருந்து காணாமல் போகும், அதைத் திருப்பிக் கொண்டுவர உங்கள் ஆப்பில் எந்த பட்டனும் கிடையாது. சர்வரில் வேறு யாராவது ஏற்றியிருந்தால் நிறுத்திவிடும் ஃபோர்ஸ்-வித்-லீஸ் போட்டால் ஓரளவு தடுக்கலாம். பகிர்ந்த பிராஞ்சில் கை வைக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

போன மாதம் டீமில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு இதைப் போட்டுக் கொடுத்தேன். கிளாஸ் எதுவும் எடுக்கவில்லை. ஒரு குப்பை ரிப்போவைக் குளோன் செய்து, "இஷ்டத்துக்கு அழி" என்றேன். நாலு கமிட்டை அழித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். கமாண்ட்-இசட்டை நாலு முறை தட்டச் சொன்னேன். புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்ததும், "அண்ணா, அப்போ அந்த ரீபேஸ் டுடோரியல் எல்லாம் எதுக்கு?" என்று கேட்டான். படிச்சு வை, இந்த ஆப் இல்லாத சர்வர்ல உட்கார்ந்தா அதுதான் கை கொடுக்கும் என்று சொல்லி வைத்தேன்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று அந்தப் பேரில்லாத புள்ளிகளுக்காக.