மருந்துப் பெட்டி முகமா, முறுக்குக் கடை முகமா? மலிவு விலை குளூட்டன் ஃப்ரீ தீனிக்கு எந்த பிராண்ட் தேறும்

கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இல்லாத நொறுக்குத்தீனியை 10 ரூபாய், 30 ரூபாய் பாக்கெட்டில் விற்க நினைக்கும் தமிழ்நாட்டுச் சிறு உற்பத்தியாளருக்கு மூன்று வழிகள் உண்டு. 'குளூட்டன் ஃப்ரீ' என்று கொட்டை எழுத்தில் போட்டு நோயாளிக்கான உணவாக விற்கலாம். சிறுதானிய ஆரோக்கிய பிராண்டாக வரலாம். அல்லது எல்லாருக்கும் தெரிந்த முறுக்கு, தட்டை பிராண்டாக வந்து, 'குளூட்டன் ஃப்ரீ' என்பதைச் சிறு முத்திரையாக வைக்கலாம். விலை குறைய வேண்டுமென்றால் மூன்றாவதுதான் தேறும்.

முதல் வழியின் சிக்கல் வாங்குபவர் எண்ணிக்கை. 2016-இல் வெளியான ஆய்வொன்றில், குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் வடஇந்தியாவில் 1.23 விழுக்காட்டினருக்கும், தென்னிந்தியாவில் 0.10 விழுக்காட்டினருக்கும் இருந்தது. இங்கே அந்தப் பாக்கெட்டைத் தேடி வருபவர் குறைவு, அவர்களும் ஊர் ஊராகச் சிதறி இருப்பார்கள். கூரியர் செலவே தீனியின் விலையைத் தாண்டிவிடும். வெள்ளைக் கவரும் இலைப் படமுமாக இருந்தால் பெட்டிக்கடையில் குழந்தை கைநீட்டாது. பெயரிலும் தொல்லை உண்டு: பொருளை வர்ணிக்கும் சொல்லை மட்டும் வைத்து வணிகக்குறி கேட்டால் 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு தடுக்கும். வடமாநிலங்களுக்கு ஆன்லைனில் விற்பவருக்கு மட்டும் இந்த முகம் பொருந்தும்.

சிறுதானியம் கண்ணுக்கு அழகு, கணக்குக்கு இடி. தினை, சாமை எல்லாம் உமி நீக்கிய பிறகு அரிசியைவிட விலை கூடிவிடும். கம்பு மாவு சீக்கிரமே கசந்துபோகும். கேழ்வரகு முறுக்கைக் கண்ணாடிக் கவரில் போட்டால் கருகியது போலத் தெரியும். சந்தையில் பல 'மில்லெட்' பிஸ்கட்டுகளில் கோதுமையும் கலந்திருப்பதால், குளூட்டனுக்கு அஞ்சுபவர் இந்தச் சொல்லை அப்படியே நம்புவதும் இல்லை.

முறுக்குக்கு இந்தச் சுமை கிடையாது. அரிசி மாவு, உளுந்து மாவு, எள், வெண்ணெய், உப்பு. கோதுமையை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க வேண்டிய வேலையே இல்லை. குளூட்டன் இல்லாத பிஸ்கட்டில் மாவைப் பிடித்து நிறுத்த சாந்தன் கம் போன்ற பசைப்பொருள் தேவைப்படும், முறுக்கில் அந்தச் செலவும் இல்லை. மலிவு என்பது இங்கிருந்துதான் வருகிறது. ஆகவே பாக்கெட்டின் முகப்பில் பெரிய எழுத்து 'அரிசி முறுக்கு' என்பதற்கு, அதன் கீழே 'கோதுமை, மைதா சேர்க்கவில்லை', பெயரை ஒட்டியே சிறு வட்டத்தில் 'குளூட்டன் ஃப்ரீ'. 'மணப்பாறை முறுக்கு' என்று போட்டுவிட ஆசை வரும். அது புவிசார் குறியீடு பெற்ற பெயர், பதிவு பெற்ற பயனாளர்தான் பயன்படுத்த முடியும். குளூட்டன் இல்லை என்று காட்டும், குறுக்குக் கோடிட்ட கோதுமைக் கதிர்ச் சின்னத்தையும் இணையத்தில் எடுத்து ஒட்டாதீர்கள். அதற்கு உரிமையாளர் உண்டு, உரிமம் வாங்க வேண்டும்.

அந்தச் சிறு வட்டம்தான் மூன்று வழியிலும் கடினமான பகுதி. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வைத்த வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன். மைதாவில் சுமார் 8 விழுக்காடு குளூட்டன் என்று வைத்தால், ஒரு கிலோ முறுக்கில் கால் கிராம் மைதா கலந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். முதல் குற்றவாளி பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதாதான் அடிமாவு, கட்டிப் பெருங்காயமும் விதிவிலக்கல்ல. கிலோவுக்கு 3 கிராம் போட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு மைதா என்றால் ஒரு கிராம் மைதா, அதாவது வரம்பைப் போல நான்கு மடங்கு. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து, அரிசி மாவில் செய்ததை வாங்குங்கள். இல்லாவிட்டால் பெருங்காயமே வேண்டாம், சீரகம் போதும். அடுத்தது மாவு மில். முன்னால் கோதுமை அரைத்த கல்லில் உங்கள் அரிசியும் இறங்கினால் அத்தனை கணக்கும் வீண். சொந்த அரைவை இயந்திரம் வைக்க வேண்டும், அல்லது அரிசி மட்டும் அரைக்கும் மில்லோடு பேசிக்கொள்ள வேண்டும். சமோசா பொரித்த எண்ணெய் அருகிலேயே வரக்கூடாது.

ஆய்வகத்தில் குளூட்டன் அளவைப் பார்க்கும் ஆர்5 எலிசா முறையைக் கேளுங்கள். அதன் செலவு விலையில் எப்படி ஏறும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு: ஒரு பேட்சுக்கு, அதாவது ஒரே தடவையில் செய்யும் மொத்தச் சரக்குக்கு, 3,000 ரூபாய் என்று கொண்டால், 50 கிலோ பேட்சில் 100 கிராம் பாக்கெட்டுக்கு 6 ரூபாய். 300 கிலோவாக்கினால் 1 ரூபாய். எட்டு வகைத் தீனியோடு தொடங்கினால் ஒவ்வொன்றின் பேட்சும் சிறிதாகிவிடும், மலிவு பிராண்ட் தோற்கிற இடம் இதுதான். முறுக்கு, தட்டை இரண்டே போதும்.

கவர் விஷயத்தில் அவசரம் கூடாது. கவரை உருளைகளால் அச்சிடும் கிராவூர் முறைக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர், ஒரு வரி மாறினாலும் அந்த நிறத்துக்குப் புதிது செய்ய வேண்டும். எடையும் பொருள் பட்டியலும் நிலைக்கும்வரை வெறும் உலோகப்பூச்சுப் பவுச்சில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கலாம். கண்ணாடிக் கவர் பளிச்சென்று இருக்கும், ஆனால் வெளிச்சம் பட்டு எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அச்சுக்குப் போகும்போது இரண்டு நிறத்தோடு நிறுத்துங்கள், மஞ்சளும் கருஞ்சிவப்பும் கடைச் சரத்தில் தூரத்திலிருந்தே தெரியும். பேட்ச் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர் குறியீடு வைத்து அந்தந்தப் பேட்சின் பரிசோதனை அறிக்கையைத் திறக்கும்படி செய்தால், சீலியாக் உள்ளவர் பாக்கெட்டைத் திறப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்வார்.