வில்வேட்டைக்காரர்களின் தரைக்கூடாரம்: சேர்வராயன் அடிவாரத்தில் 14 மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கூடாரத்தை நான் வாங்கியது மானைப் படம் எடுக்க, அடிக்க இல்லை. நம் நாட்டில் வில், துப்பாக்கி எதை வைத்தும் மான் வேட்டைக்கு இடமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொல்வது மட்டும் வேட்டை இல்லை, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது, அதற்கான முயற்சி வரைக்கும் வேட்டைக் கணக்கில்தான் வரும். ஆனால் இந்தப் பொருள் பிறந்தது வேட்டைக்காரர்களுக்காகத்தான். அமெரிக்காவில் வில்லோடு மானுக்குக் காத்திருப்பவர்கள் மரத்தில் ஏறாமல் தரையிலேயே உட்கார்வதற்குத் தைத்தது. படம் எடுக்கிற நாம் ஹைடு என்கிறோம், அவர்கள் கிரவுண்ட் பிளைண்ட் என்கிறார்கள். பிராண்டு பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், குமிழை இழுத்தால் சுவர் விரிகிற இந்த ஹப் வகையில் எதை எடுத்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஏன் தரை? என் மாமாவுக்கு ஏற்காடு அடிவாரத்தில் 3 ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. மாமரம், நாலு புளியமரம், ஒரு பக்கம் கடலைக்காடு, மேல் வேலியைத் தாண்டினால் காப்புக்காடு. பன்றிக்குக் காவல் இருக்கப் புளியமரத்தில் பரண் கட்டியிருந்தார். தினைப்புனத்தில் வள்ளி உட்கார்ந்த பரண் மாதிரிதான், கவணுக்குப் பதில் கையில் டார்ச். 2 வருஷம் அந்தப் பரணில் உட்கார்ந்துதான் புள்ளிமான் படம் எடுத்தேன். நூற்றுக்கணக்கில் எடுத்தேன், எல்லாமே முதுகு. காதுக்கு நடுவில் உச்சந்தலை, முதுகில் புள்ளி, கீழே புல். மானின் முகம் என்று ஒன்று கூடத் தேறவில்லை.

வில்வேட்டைக்காரர்களுக்கும் இதே தொல்லை உண்டு. உயரத்திலிருந்து பார்த்தால் மானின் நெஞ்சுப்பகுதி குறுகித் தெரியும், அம்பு சரிவாக இறங்கும், மான் மரத்தை நெருங்க நெருங்க அந்தக் கோணம் இன்னும் மோசமாகும். தரையில் உட்கார்ந்தால் மான் பக்கவாட்டில் முழுசாக நிற்கும். அவர்களுக்கு அம்பு நேராகப் போக அது வேண்டும், எனக்குக் கண்ணுக்கு நேர் கண் வேண்டும். தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான், அவர்களில் பலர் 20, 30 மீட்டருக்குள்தான் அம்பு விடுவார்கள், என் 400 எம்.எம். லென்ஸுக்கும் அதுதான் நல்ல தூரம். அப்புறம் பரணிலிருந்து விழுகிற பயம். அங்கே இடுப்புக்கும் தோளுக்கும் வார் மாட்டாமல் ஏறக்கூடாது என்று அடித்துச் சொல்கிறார்கள், நம் ஊரில் பரணில் ஏறுகிற யாரும் ஒரு கயிறு கூடக் கட்டுவதில்லை. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம்.

சரி, பொருளுக்கு வருகிறேன். பைக்குள் மடங்கி வரும், தோளில் மாட்டிப் போகலாம், சுமார் 7 கிலோ. 4 பக்கச் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஆளுக்கொரு குமிழ், அதிலிருந்து ஃபைபர் கம்பிகள் மூலைக்கு ஓடும். குமிழில் இருக்கிற வாரைப் பிடித்து வெளியே இழுத்தால் சுவர் டப்பென்று உப்பிக்கொண்டு நிற்கும். வில்லை இழுக்கும்போது முழங்கை பின்னால் போக இடம் வேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள், அந்த இடம் எனக்குக் கேமரா முக்காலியும் ஸ்டூலும் பையும் வைக்க வசதியாகப் போய்விட்டது. தனி ஆளாக 2 நிமிஷத்தில் நிறுத்திவிடலாம். மடிக்கத்தான் ஒரு வாரம் பழக வேண்டியிருந்தது.

உள்பக்கம் முழுக்கக் கறுப்பு. அதுதான் இதன் உயிர். பின்பக்க ஜன்னலை மூடிவைத்துக்கொண்டு, கறுப்புச் சட்டை போட்டு, சுவரை ஒட்டாமல் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இருட்டுதான் தெரியும். சபரிமலைக்கு மாலை போட்டபோது எடுத்த கறுப்புச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். பின்ஜன்னல் திறந்திருந்தால் அவ்வளவுதான், தலை நிழல் மாதிரி தனியாகத் தெரியும், நீங்கள் லேசாகத் திரும்பினாலும் மான் கண்டுகொள்ளும்.

மானின் கண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு நம்மைப் போலத் தனித்துத் தெரியாது, நீலம்தான் நன்றாகத் தெரியும். அதனால் காட்டுக்கு ஜீன்ஸ் போடாதீர்கள். துணி பளிச்சென்று தெரியச் சலவைத்தூளில் சேர்க்கிற பொருளும் நீல ஒளியைத்தான் வீசும், நான் கூடாரத்துச் சட்டையை வெறும் தண்ணீரில் அலசுவதோடு சரி. கூடாரத்தோடு ஒரு ஆரஞ்சு துணியும் வந்தது. அங்கே துப்பாக்கி வேட்டைக்காரர்களும் சுற்றுகிற நாட்களில் உள்ளே ஆள் இருப்பது தெரிவதற்காக அதை வெளியே மாட்டுவார்களாம். நான் அதைத் தடம் இருக்கிற பக்கமாகக் கட்டிவிட்டேன், ஆடு மேய்க்க வருகிறவர்கள் திடீரென்று பயப்படாமல் இருக்கட்டும் என்று.

இனி முக்கியமான விஷயம். இந்தக் கூடாரம் கண்ணை ஏமாற்றும், மூக்கை ஏமாற்றாது. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் போனது.

மான் மேலே காட்டிலிருந்துதானே வருகிறது என்று முதலில் மேல் வேலியை ஒட்டி நிறுத்தினேன். 12 நாள் ஆள் போகாமல் அப்படியே விட்டுவிட்டேன். புதுத்துணி வாடை போகவும் அவ்வளவு நாள் வேண்டும், மானுக்கும் அது பழக வேண்டும். உண்ணிச்செடிக் கிளைகளை வெட்டிச் சுற்றிச் சொருகினேன், ஏனென்றால் துணியில் அச்சடித்திருந்தது அமெரிக்க இலையுதிர்காலப் பழுப்பு இலை, நம் பச்சைக்கு நடுவில் அது தனியாகத் தெரிந்தது. இவ்வளவும் செய்துவிட்டு விடியற்காலை 5 மணிக்கு உள்ளே போய் உட்கார்ந்தால், கீழே மாமரத்துப் பக்கமிருந்து க்யாவ் க்யாவ் என்று எச்சரிக்கைக் குரல், அப்புறம் குளம்புச் சத்தம், முடிந்தது. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே.

நாலாவது நாள் பழைய கண்மருந்து பாட்டில் ஒன்றில் சலித்த திருநீறை நிரப்பிக்கொண்டு போனேன். வேட்டைக்காரர்கள் காற்றுப் பார்க்க இப்படி ஒரு பொடி பாட்டில் வைத்திருப்பார்கள். ஜன்னல் ஓரத்தில் ஒரு அழுத்து அழுத்தினேன். இலை கூட அசையாத நேரம் அது, காற்றே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வெள்ளைப் புகை ஒரு நொடி நின்றது, அப்புறம் மெதுவாக, தண்ணீர் வாய்க்காலில் போகிற மாதிரி, தரையை ஒட்டி நேராக மாமரத்தைப் பார்த்து இறங்கிப் போனது. ராத்திரி குளிர்ந்த காற்று மலைச்சரிவில் கீழே வழியும், வெயில் ஏறிச் சரிவு சூடானதும் திரும்பி மேலே ஏறும். மான்கள் ராத்திரியே இறங்கி வந்து மாமரத்தடியில் நின்றிருக்கின்றன, நான் அவற்றுக்கு மேலே உட்கார்ந்து என் வாடையை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கே கூடாரத்தைப் பிடுங்கிக் கீழே கிணற்றுமேட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமா பார்த்துவிட்டு, "மாப்ள, நான்தான் அப்பவே சொன்னேனே, பனி இறங்குற பக்கமா உக்காருன்னு" என்றார். சொல்லியிருந்தார்தான், எனக்குத்தான் அப்போது புரியவில்லை. இப்போது காற்று மானிடமிருந்து என்னிடம் வருகிறது. வீட்டுப் பக்கமிருந்தே நுழைந்துவிடுவதால் இருட்டில் மான்களைத் தாண்டிப் போக வேண்டியதும் இல்லை. 8 மணிக்கு மேல் காற்று திரும்பும், அதற்குமுன் மான்கள் காட்டுக்குப் போய்விடுகின்றன, நானும் எழுந்துவிடுகிறேன். சாயங்காலம் இந்த இடத்தில் சரிவராது, பொழுது சாயும் வரை காற்று மேலே ஏறிக்கொண்டே இருக்கும், அவை இறங்கி வருவதற்குள் என் வாடை அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள், மல்கோவா மரத்தடியில் காற்றுக்கு உதிர்ந்த காய் நிறையக் கிடந்தது. 5.50 இருக்கும். ஒரு பெட்டை மான் முன்னால் வந்தது, பின்னால் 2 குட்டி. கூடாரத்தை நேராகப் பார்த்தது. தலையைக் குனிந்து மேய்கிற மாதிரி காட்டிவிட்டு வெடுக்கென்று நிமிர்ந்தது, அப்படி 3 தடவை. வலது முன்காலைத் தூக்கித் தரையில் தட்டியது. நான் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு கேமராவைத் தொடாமல் இருந்தேன். நாக்கை நீட்டி மூக்கை நக்கிக்கொண்டது, மூக்கு நுனி பளபளத்தது. அப்புறம் வால் தளர்ந்தது, ஒரு காயைக் கவ்வி வாயை ஒருக்களித்து நொறுக்கியது, அந்த நறுக் நறுக் சத்தம் உள்ளே எனக்குக் கேட்டது. 9 மீட்டர். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு இமைமுடியும் தனித்தனியாக இருக்கிறது. 2 வருஷம் பரணில் கிடைக்காத படம் இது. இதற்காக மட்டுமே நான் இந்தப் பொருளை மன்னித்து வைத்திருக்கிறேன், ஏனென்றால் குறைகள் குறைவில்லை.

ஜன்னல் ஜிப் சத்தம் தாங்க முடியாது. விடிகிற நேரத்து அமைதியில் ஒரு இஞ்ச் இழுத்தாலும் கேட்கும். வேண்டிய ஜன்னலை முந்தின நாளே திறந்துவைத்துவிடுங்கள், வாங்கும்போதே கொக்கியோ காந்தமோ வைத்த ஜன்னலாகப் பார்த்து வாங்குங்கள். ஜன்னலில் வரும் சல்லடைத்துணி வழியாகவே அம்பு விடலாம் என்பது வில்வேட்டைக்காரர்களுக்குப் பெரிய வசதி (பட்டதும் விரிகிற அலகு இருக்கும் அம்புமுனைக்கு அது ஆகாது, துணியிலேயே விரிந்துவிடும்). கேமராவுக்கு அது உதவாது, படம் பாலாடை போட்ட மாதிரி மங்கும். லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்துவிட்டு மீதியை மூடிக்கொள்வதுதான் வழி.

கூடவே கொடுத்த முளைகள் நம் செம்மண் சரளையில் முதல் அடியிலேயே வளைந்தன. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 8 எம்.எம். கம்பியை முக்கால் அடியாக வெட்டித் தலையை வளைத்து வாங்கிக்கொண்டேன், ஆடிக் காற்றையும் தாங்கியது. ஐந்தாவது மாதம் ஒரு ஃபைபர் கம்பி குமிழுக்குப் பக்கத்தில் விரிசல் விட்டது. விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன், ரசீதும் வைத்தேன், 3 தடவை எழுதியும் பதில் இல்லை. 14,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த பொருளுக்கு ஒரு கம்பி அனுப்ப மனம் வரவில்லை என்பது இன்றைக்கும் வருத்தம்தான். பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை மேலே மாட்டிப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். மழைக்குத் தையல் வழியாகச் சொட்டும், ஈரத்தோடு மடித்தால் 2 நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அடியில் தரைத்துணி கிடையாது, அதனால் உட்காருவதற்கு முன் டார்ச் அடித்து மூலை மூலையாகப் பாருங்கள், தேள் ஒருமுறை என் ஸ்டூலுக்கு அடியில் இருந்தது. கண்ணாடி விரியன் இருக்கிற ஊர் இது.

ஐப்பசியில் ஏற்காடு மேலே நாகலூர்ப் பக்கம் நண்பரின் காப்பித் தோட்டத்துக்கும் எடுத்துப் போனேன். 20 கொண்டை ஊசியும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன், எடை ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஆறுமணிக்குருவி வலசை வருகிற பருவம் அது. சில்வர் ஓக் நிழலில், சருகுக்குள் தத்தித் தத்திப் புழு தேடுகிற குருவி, தரையோடு தரையாகப் படுத்தால்தான் முகம் கிடைக்கும். இங்கேதான் கூடாரம் கைவிட்டது. ஜன்னல் எல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து வில் இழுக்கிறவர் உயரத்துக்கு வெட்டியது, குருவிக்கு அது மறுபடியும் பரண் கணக்குத்தான். ஒரு பக்கம் அடித்துணியைத் தூக்கிக் கட்டிவிட்டுச் சாக்கு விரித்துப் படுத்துச் சமாளித்தேன். 2 நல்ல படம் கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை தோட்டத்தில் வேலைக்கு வந்த அக்கா ஒருவர், "அண்ணா, காட்டுமாடு இந்தச் சரிவுல இறங்கிருக்கு, இன்னைக்கு உள்ள உக்காராதீங்க" என்றார். பொருளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். காட்டெருமைக் காளை ஒரு டன் வரை இருக்கும், நமக்கும் அதற்கும் நடுவில் இருப்பது வெறும் துணி. உள்ளே இருந்தால் பின்பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது, அவசரத்துக்கு ஓடவும் வழியில்லை. காட்டெருமை நடமாடும் இடத்தில் தரைக்கூடாரம் வேண்டாம், அங்கே பரண்தான், இல்லையென்றால் வீட்டுத் திண்ணை. காப்புக்காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்துவதும் வேண்டாம், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம். சொந்தப் பட்டா நிலம், அல்லது உரிமையாளர் சம்மதித்த தோட்டம், அங்கே மட்டும் வையுங்கள். மான் வரட்டும் என்று உப்போ பழமோ கொட்டாதீர்கள், அது தோட்டத்து மனிதர்களுக்கும் ஆபத்து, மானுக்கும் ஆபத்து.

வாங்கலாமா என்று கேட்டால், ஒரே இடத்தில் மாதக்கணக்கில் உட்காரப் போகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள். 4 மூங்கில், இரட்டையாகப் போட்ட நிழல்வலை, உள்ளே கறுப்புத்துணி, 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஒற்றை வலை மட்டும் போட்டால் பின்னால் வெளிச்சம் வந்ததும் ஆள் தெரியும். இடம் மாற்றி மாற்றி, பஸ்ஸிலும் பைக்கிலும் தூக்கிப் போகிறவர் என்றால் இந்தப் பொருள் அந்த விலைக்குத் தகும், விரிசல் விட்ட கம்பியோடும் சேர்த்துச் சொல்கிறேன். எப்படியானாலும் முதலில் திருநீறு பாட்டிலைத் தயார் பண்ணிக்கொண்டு, கூடாரம் இல்லாமலே 4 விடியற்காலை அந்த இடத்தில் நின்று காற்றைப் பாருங்கள். எனக்கு அடுத்த இடம் புளியமரத்துக்குக் கீழே, அங்கே காற்று கிணற்றுமேடு மாதிரி இல்லை, ஓடைப்பள்ளத்தில் இறங்கி வளைகிறது, இந்த வாரம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.