தோங் அடுப்பில் கோழி: வாங்கலாம், ஆனால் கம்பித் தட்டைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புறப் பட்டணத்தில் இரும்புப் பட்டறை வாசலிலேயே இது நிற்கும். 200 லிட்டர் தோங்கை, அதாவது இரும்புப் பீப்பாயை, நெடுக்காக இரண்டாகப் பிளந்து, நாலு கால் வைத்துப் பற்றவைத்த கரி அடுப்பு. அகலம் ஏறக்குறைய 57 சென்டிமீட்டர், நீளம் 85-க்கு மேல். ஒரு பாதியில் கரி, மறுபாதியில் கோழி என்று வைத்தாலே 3 கிலோ துண்டுகள் தாராளமாக இடம் பிடிக்கும். பேரங்காடியில் விற்கும் மடக்கு அடுப்பில் இந்த வசதி கிடையாது.

குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரியது. பிளந்த தோங்கின் ஆழம் 28 சென்டிமீட்டர். பட்டறைக்காரர்கள் பலர் கம்பித் தட்டு உட்காரும் பட்டையைப் பாதி ஆழத்திலேயே பற்றவைத்து விடுகிறார்கள். அடியில் கரி 8 சென்டிமீட்டர் படுத்தால், தட்டுக்கும் தணலுக்கும் நடுவே 6 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். குச்சியில் குத்திச் சுடும் சாத்தேவுக்கு அது சரி; மெல்லிசு இறைச்சி, சில நிமிடத்தில் வெந்துவிடும். எலும்போடு இருக்கும் தொடைத் துண்டு அப்படியில்லை. தோல் கருகி, எலும்போரம் பச்சையாக நிற்கும். பட்டையை விளிம்பிலேயே வைக்கச் சொல்லுங்கள். 18, 20 சென்டிமீட்டர் இடைவெளி கிடைத்தால் பாதிப் பிரச்சனை முடிந்தது.

வாங்குமுன் தோங்கில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். சமையல் எண்ணெய் வந்த தோங் என்றால் நல்லது. மருந்தடிப்புக்கு வந்த தோங், என்ன வந்தது என்றே தெரியாத தோங், இரண்டையும் தொடவே வேண்டாம். எதுவானாலும், முதல் தடவை கோழி வைக்காமல் விறகு போட்டு நெருப்பைக் கொழுந்துவிட்டு எரியவிட்டு, உள்பூச்சு முழுக்க உரிந்து போகும்வரை காய்ச்ச வேண்டும். அந்தப் புகை வீட்டுப் பக்கம் வரக்கூடாது. கம்பித் தட்டு துத்தநாகம் பூசிய வேலிக்கம்பியாக இருந்தால் எவர்சில்வர் கம்பிக்கு மாற்றிக் கேளுங்கள். சூட்டில் அந்தப் பூச்சு வெள்ளைப் பொடியாக உதிரும்.

கரி விஷயத்தில் பேராக்காரர்களுக்கு யோகம். மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டும் பாக்காவ் மரத்தை, கோலா செபெத்தாங் சூளைகளில் கரியாக்குகிறார்கள். கெட்டியான கரி, நின்று எரியும், சாம்பலும் குறைவு. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் நல்ல சூடு தரும். தளவாடத் தொழிற்சாலையில் சும்மா கிடைக்கும் ரப்பர் கட்டைத் துண்டுகளை மட்டும் போடாதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அவற்றில் மருந்து ஏற்றியிருப்பார்கள்.

1 கிலோ கோழிக்கு உப்பு 12 கிராம், அதாவது சிறு கரண்டியில் தட்டி இரண்டு. மஞ்சள் அரைக் கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது இரண்டு, இடித்த செராய் (எலுமிச்சைப்புல்) ஒரு தண்டு, எண்ணெய் இரண்டு. தொடையில் எலும்பு வரைக்கும் இரண்டு கீறல். நாலு மணி நேரமாவது ஐஸ் பெட்டியில் ஊறட்டும். இனிப்புக் கிச்சாப் (சோயா சாஸ்), தேன், சீனி எதையும் ஊறவைக்கும்போது சேர்க்காதீர்கள். கறி வேகுமுன் சீனி கருகிக் கசக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் தடவினால் போதும்.

இரண்டு கிலோ கரியை ஒரு பக்கமாகக் குவித்துப் பற்ற வையுங்கள். 25 நிமிடத்தில் கரி மேல் சாம்பல் நிறம் படரும். கறுப்பு தெரிகிறவரை கோழி வைத்தால் புகைவாடைதான் மிஞ்சும். தட்டு மட்டத்துக்கு நேராக உள்ளங்கையைக் காட்டி நாலைந்து விநாடி தாங்க முடிந்தால் சூடு சரி. துண்டுகளைக் கரியில்லாத பக்கம் தோல் மேலாக வைத்து, தகரத் தட்டு ஏதாவது கவிழ்த்து மூடி 25 நிமிடம் விடுங்கள். பிறகு தணலுக்கு மேல் நகர்த்தி, தோல் கீழாக, அடிக்கடி புரட்டி ஏழெட்டு நிமிடம்.

இந்த ஏழெட்டு நிமிடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தோலிலிருந்து ஒரு சொட்டுக் கொழுப்பு விழுந்ததும் மஞ்சள் நாக்கு ஒன்று எழும்பித் துண்டை நக்கும். உடனே தண்ணீரைத் தெளிப்பார்கள்; சாம்பல் கிளம்பிக் கோழி முழுக்க ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வேண்டாம். துண்டை எடுத்துக் கரியில்லாத பக்கம் வையுங்கள், நெருப்பு தானாக அடங்கும்.

வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. இளங்கோழியில் மஜ்ஜைச் சிவப்பு எலும்போரம் கசிந்து, நன்றாக வெந்த பிறகும் அப்படியே நிற்கும். வெப்பமானி முனையை எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்துங்கள். 74 பாகை வந்தால் பாதுகாப்பு, தொடைக்கு 80 தாண்டினால்தான் நார் இளகி ருசி. நெஞ்சுக் கறியை அவ்வளவு தூரம் விட்டால் சக்கையாகிவிடும், அதை முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

அடிப்பக்கக் காற்றுத் துளைகள் பக்கத்துக்கு நாலு போதும், விரல் நுழையும் அளவு. அதிகம் போட்டால் கரி வெறுமனே எரிந்து போகும். சாம்பல் அடைக்காமல் இருக்க, கரிக்கு அடியிலும் ஒரு கம்பித் தட்டு கேட்டு வாங்குங்கள். சுட்டு முடிந்து ஆறியதும் சாம்பலை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். மழையில் நனைந்த சாம்பல் தகரத்தை அரித்துவிடும். எண்ணெய் தடவிக் கூரைக்குள் கவிழ்த்து வையுங்கள்.